முன்கூட்டிப் போட்ட காணிக்கை

பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்கத் தெரியாதவள் நான். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்டவளைக் கர்த்தர் 1991ஆம் வருடம் மே மாதம் தொடங்கி ஆகஸ்டு வரைக்கும் காக்க வைத்தார். அந்த நாட்களில் நான் பட்ட பாட்டையும் அவர் செய்த உதவியையும் சபையில் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறேன். எழுதித் தரச் சொன்னபோது, வெட்கமான பகுதிகளை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அவற்றை விட்டால் சாட்சியில் மிச்சம் ஒன்றுமே இருக்காது. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

என் பெயர் ஹெப்சி. எங்கள் வீடு இரும்புலியூரில். அப்பாவுக்குத் தாம்பரம் ரயில்வேயில் வேலை. அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை, சபையில் எல்லாருக்கும் டீச்சரம்மா. நான் ஒரே பெண். தாம்பரத்தில் வேதியியல் படித்துவிட்டு, 1990 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்குப் போனேன். நிலத்தடி நீரில் கலக்கும் ரசாயனங்களைப் பற்றிய படிப்பு அது, இரண்டு வருடம். பல்கலைக்கழகம் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தது. மீதிப் பாதிக்காக, பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையை அப்பா விற்றார்.

முதல் வருடம் நன்றாகவே போனது. பாடங்களையெல்லாம் முடித்துவிட்டேன், ஆய்வு மட்டும் பாக்கி. ஏப்ரல் மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருடம் தள்ளுபடி கிடையாது, வெளிநாட்டு மாணவர்கள் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். விற்பதற்கு எங்களுக்கு வேறு மனை இல்லை.

என்னோடு அறையில் இருந்த கேரளப் பெண் ஒரு வழி சொன்னாள். கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு, வகுப்பெடுக்கும் வேலையும் கொடுப்பார்கள், அங்கே மாற்றிக்கொள் என்றாள். அன்றே விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். என் பேராசிரியரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடுத்த வருடம் எதைப் பற்றி ஆராயப் போகிறாய்?" என்று அவர் கேட்டபோது, "யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிச் சமாளித்தேன். காசில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் இல்லாததை வெளியே சொல்கிற வழக்கமே கிடையாது. சர்க்கரை தீர்ந்துபோனால் அம்மா காபியை நிறுத்துவாரே தவிர, பக்கத்து வீட்டில் கேட்க மாட்டார். நானும் அந்த வயிற்றில் பிறந்தவள்தானே.

கையில் இருந்த ரிட்டர்ன் டிக்கெட் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அதனால் மே மாதக் கடைசியில் ஊருக்கு வந்துவிட்டேன். கனடாவிலிருந்து பதில் வந்தால் அங்கே. வராவிட்டால் கடனை உடனை வாங்கிப் பழைய இடத்துக்கு. அதுவும் முடியாவிட்டால் பாதிப் படிப்போடு வீட்டில். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள், எனக்கு மூன்றாவதாக ஒரு கால் இருந்திருந்தால் அதற்கும் ஓர் இடம் இருந்தது.

ஜூன் முழுவதும் தபால்காரரைப் பார்ப்பதே வேலை. அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசல் கேட் அருகே நிற்பேன். "இன்னைக்கும் இல்லைம்மா" என்று தூரத்திலிருந்தே கையாட்டிவிடுவார். பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காது. லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே தாம்பரம் வரை நடப்பேன், திரும்பி வருவேன். சில நாட்களில் டிக்கெட் எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய், இறங்காமல் அதே பெட்டியில் திரும்பியிருக்கிறேன். ஓடுகிற ஒன்றில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஜெபித்தேனா? ஜெபித்தேன். ஆனால் அது ஜெபமா என்பது வேறு விஷயம். ஆண்டவருக்குக் கெடு வைத்தேன். "வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வர வேண்டும்" என்பேன். வெள்ளி போனால் திங்கள். கனடா விண்ணப்பத்தைப் போலவே அவரிடமும் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து நீட்டிவிட்டு, கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை முதல் வாரம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். செய்தித்தாளில் படித்துவிட்டு அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பழைய இடத்துக்குக் கட்டணம் இன்னும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்று இருவருக்கும் தெரியும். இனி கனடா ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா அதைச் செய்தார்.

எங்கள் சபையில் ஸ்தோத்திர காணிக்கை போடுகிறவர்கள் உறைமேல் காரணத்தை எழுதிக் கொடுப்பார்கள், போதகர் ஐயா அதை வாசிப்பார். பிறந்த நாள், வேலை உயர்வு, காய்ச்சல் குணமானது என்று வாசித்துக்கொண்டே வந்தவர், அடுத்த உறையை எடுத்தார். "டீச்சரம்மா குடும்பத்தார், மகள் ஹெப்சிக்குக் கனடா பல்கலைக்கழகத்தில் முழு உதவியோடு இடம் கிடைத்ததற்காக ஸ்தோத்திர காணிக்கை." சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்னம்மா இது? லெட்டரே இன்னும் வரலையே."

"வரும்டீ. கிடைச்சாச்சுன்னு விசுவாசிச்சு முன்னாலயே ஸ்தோத்திரம் பண்ணிட்டா, கர்த்தர் கைவிட மாட்டார்."

"கர்த்தர் விட மாட்டார். யுனிவர்சிட்டி விட்டுட்டா?"

"வாயைக் கழுவு" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போய்விட்டார்.

பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதை என்பது இதுதான். ஆனால் பேர் வைத்ததோடு போகவில்லை. அந்த வாரமே பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. கனடாவில் யாருக்காவது மகனோ தம்பியோ இருந்தால் போதும், வந்துவிட்டார்கள். நார்த்தங்காய் ஊறுகாய், இட்லிப் பொடி, முறுக்கு, தைலம், ஒரு பட்டு வேட்டி. கனடா இரும்புலியூர் அளவு இருக்கும், இறங்கி நடந்தால் எல்லார் வீட்டுக்கும் போய்விடலாம் என்று நினைத்துவிட்டார்கள் போலும். மொத்தம் ஏழு பொட்டலங்கள். எல்லாவற்றையும் என் கட்டிலுக்கடியில் வைத்தோம். ஊறுகாய் கசிந்து என் பெட்டியெல்லாம் எண்ணெய்.

"எப்பம்மா கிளம்பற?" என்று கேட்பார்கள்.

"ஆகஸ்ட் கடைசில, ஆன்ட்டி" என்பேன்.

முதல் பொய் சொன்னபோது நாக்கு கூசியது. நான்காவது ஐந்தாவதில் கூசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூலை கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, தபால்காரர் தூரத்திலிருந்து கையாட்டவில்லை. கடிதத்தை நின்றபடியே பிரித்தேன். இடம் உண்டு. வகுப்பெடுக்கும் வேலை இந்த வருடம் இல்லை. நான் முடித்த பாடங்களில் இரண்டை மட்டும்தான் ஏற்றுக்கொள்வார்கள், மற்றதெல்லாம் முதலிலிருந்து படிக்க வேண்டும். இன்னும் முழுசாக இரண்டு வருடம், கைக்காசில். மலிவு என்று நினைத்துப் போகப் பார்த்த இடம் எல்லாவற்றையும்விட விலை கூடியதாக நின்றது.

சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"வீட்டுப் பத்திரம் இருக்கு. பேங்க்ல பேசிட்டேன். நீ கிளம்பறதுக்குப் பாரு" என்றார்.

"அப்பா, நீங்க ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு."

"இருக்கட்டும். சபை முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. இப்போ போகலைன்னா உங்கம்மா எப்படி வெளிய தலைகாட்டுவா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் படிப்புக்காக அல்ல, அம்மா எழுதிக் கொடுத்த ஓர் உறைக்காக நாங்கள் குடியிருக்கும் வீட்டை அடகு வைக்கப் போகிறோம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கட்டிலுக்கடியிலிருந்து ஊறுகாய் வாசம் அடித்தது. அன்றுதான், அந்த மூன்று மாதத்தில் முதல்முறையாக, கெடு வைக்காமல் ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு எங்கே போறதுன்னு தெரியலை. பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. அப்பா வீட்டைக் காப்பாத்தும். நான் என்ன பண்ணணும்னு சொல்லும், அது எனக்குப் பிடிக்காட்டியும் பண்றேன்." அவ்வளவுதான். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் அழுது முடித்தபோது செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஆகஸ்டு முதல் ஞாயிறு. சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஐயா சொன்னதும் எழுந்து நின்றேன். அம்மாவிடம்கூட முன்னால் சொல்லவில்லை, சொன்னால் தடுத்துவிடுவார்.

"போன மாசம் எங்க குடும்பம் போட்ட காணிக்கை, இடம் கிடைச்சதுக்காக இல்லை. கிடைக்கும்னு நம்பிப் போட்டது. இடம் மட்டும் வந்திருக்கு, உதவி கிடைக்கலை."

பின்வரிசையில் ஒரு தாத்தா பழக்க தோஷத்தில் "ஆமென்" என்றார்.

"தண்ணியைப் பத்தின படிப்பு. பாதியில நிக்குது. முடிக்கிறதுக்குக் காசில்லை. இத்தனை நாளா உங்ககிட்ட பொய் சொல்லிட்டிருந்தேன், மன்னிச்சுக்குங்க. பொட்டலங்களை வீட்டுக்கே கொண்டுவந்து தந்துடறேன். எனக்காக ஜெபம் பண்ணிக்குங்க."

உட்கார்ந்துவிட்டேன். அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். புதன்கிழமை மாலை நான் பொட்டலங்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, வந்து இன்னொரு பையைத் தூக்கிக்கொண்டார்.

"நீங்க எங்கேம்மா வர்றீங்க?"

"காணிக்கை போட்டது நான். நீ மட்டும் வாசல் வாசலா ஏறி இறங்கினா எப்படி?"

அம்மாவுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை.

இரண்டு நாட்களில் ஆறு வீடுகள் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வாசலிலும் அம்மா தன் வாயாலேயே, "தப்பு என்னுதுங்க" என்று சொன்னார். சிலர் ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், "அப்பவே நெனச்சேன்" என்றார். இன்னொருவர் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பார்த்து, குறைந்திருக்கிறதே என்றார். எல்லாப் பேச்சையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஏழாவது வீடு பம்மலில். சனிக்கிழமை மின்சார ரயிலில் பல்லாவரத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். தோல் பதனிடும் பட்டறைகள் நிறைந்த பகுதி, பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே வாசம் சொல்லிவிடும். எங்கள் சபைக்கு வரும் ராஹேல் அக்காவின் கணவர் அப்படி ஒரு பட்டறையில்தான் வேலை செய்தார். கனடாவில் இருக்கும் தம்பிக்காக அக்கா ஒரு டப்பா முறுக்கு கொடுத்திருந்தார்.

"இதுக்கா டீச்சரம்மா இம்மாந்தூரம் வந்தீங்க? ஞாயித்துக்கெழம குடுத்திருந்தா நானே எடுத்துகினு வந்திருப்பேனே" என்றார் அக்கா. அம்மா தன் பாட்டைச் சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்திவிட்டார். "அத்த வுடுங்க. யார் வூட்ல இல்ல? குந்துங்க, கலர் சோடா வாங்கியாரச் சொல்றேன்."

"அதெல்லாம் வேண்டாம்க்கா, தண்ணி போதும்" என்றேன்.

"ஐயோ, எங்க வூட்டுத் தண்ணிய வாயில வெக்காத."

கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்துக் கொண்டுவந்து காட்டினார். தண்ணீர் லேசான மஞ்சளாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. அக்காவின் சின்னப் பெண்ணுக்கு நான்கு வயது இருக்கும். முழங்கையைச் சொறிந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குளிச்சா புள்ளைக்கு மேலெல்லாம் சொறி வந்துகினே கீது. டாக்டரு களிம்பு குடுக்கறாரு, போவுது, மறுபடி வருது. நீ தண்ணியப் பத்திப் படிக்கறேன்னு ஞாயித்துக்கெழம சொன்னியே, இத்தக் கொஞ்சம் பாரேம்மா. இதுக்குக் கனடா போய்த்தான் படிக்கணுமா?"

அக்கா கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். என் பேராசிரியர் தோல் பட்டறைகள் உள்ள ஊர்களின் கிணற்று நீருக்காக வேறு மாநிலங்களுக்கெல்லாம் எழுதிப் போட்டு, பாட்டில் பாட்டிலாக வரவழைப்பார். ஒரு வருடம் அந்தப் பாட்டில்களைக் கழுவி அடுக்கினவள் நான். அவர் தேடிய தண்ணீர், நான் பிறந்து வளர்ந்த இடத்திலிருந்து ரயிலில் சில ஸ்டேஷன் தூரத்தில் ஒரு வாளியில் என் முன்னால் இருந்தது. அக்காவிடம் காலி ஸ்குவாஷ் பாட்டில் ஒன்று வாங்கி, நன்றாகக் கழுவி, அந்தத் தண்ணீரை நிரப்பிக்கொண்டேன். ரயிலில் அம்மா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை மாலை ஏழு மணி. அங்கே அப்போது காலை. தாம்பரம் ஸ்டேஷன் அருகே எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. டெலிபோன் பூத்திலிருந்து பேராசிரியரை அழைத்தேன். மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்ததால் மரியாதை வார்த்தைகளுக்கெல்லாம் நேரமில்லை. பணம் இல்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். சொல்லிவிட்டால் எவ்வளவு சின்ன வாக்கியம் அது. பிறகு பம்மல் கிணற்றைப் பற்றிச் சொன்னேன்.



"உன் பாடங்கள் முடிந்துவிட்டன. ஆய்வுதான் பாக்கி" என்றார். "தண்ணீர் அங்கே இருக்கும்போது நீ எதற்காக இங்கே இருக்க வேண்டும்? வெளியிலிருந்து ஆய்வு செய்கிறவர்களுக்குத் தனிப் பதிவு இருக்கிறது, கட்டணம் மிகவும் குறைவு. அங்கே யாராவது ஒரு பேராசிரியர் உன்னை மேற்பார்வை பார்த்தால் போதும்." கடைசியில், "இதை ஏன் நீ மே மாதமே என்னிடம் கேட்கவில்லை?" என்றார்.

எங்கள் வீட்டுச் சர்க்கரைக் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது?

பூத்தை விட்டு வெளியே வந்தபோது கண்ணீர் நிற்கவில்லை. பூத்துக்காரர் சில்லறையை நீட்டியபடி, "இன்னாம்மா, எதுனா கெட்ட சேதியா?" என்றார்.

"இல்லண்ணா, நல்ல சேதிதான்."

"அப்ப இன்னாத்துக்கு அழுவற? கண்ணத் தொடச்சுகினு பாத்துப் போம்மா, பஸ்ஸு வருது."

வியாழக்கிழமை அதே கடைக்குப் பதிவு விவரம் ஃபேக்ஸில் வந்தது. அந்த வழவழப்புத் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்று சொன்னார்கள், உடனே இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். நான் முன்பு படித்த கல்லூரியில் மேற்பார்வைக்கு ஒப்புக்கொண்டு, காலை வேளைகளில் ஆய்வகத்தையும் திறந்துவிட்டார்கள். கனடாவுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினேன். அப்பா வீட்டுப் பத்திரத்தை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தச் சாவிச் சத்தத்தைக் கேட்டு நானும் அம்மாவும் முழங்காலில் நின்றோம்.

அதன் பிறகு பம்மலே கதியாகக் கிடந்தேன். முப்பது கிணறுகள். ரயிலில் என் பையில் பாட்டில்கள் கலகலவென்று சத்தம் போடும், ஏறுகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். குளிப்பதற்கு ஆகாத கிணறு எது, புழங்கத் தகுந்த கிணறு எது என்று தெருத்தெருவாகக் குறித்துக் கொடுத்தேன். அந்தத் தாளை இணைத்து ராஹேல் அக்காவும் அவர் தெருப் பெண்களும் பஞ்சாயத்துக்கு மனு எழுதினார்கள். கிணறுகளின் நிறம் மாறிவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாரம் இரண்டு முறை நல்ல தண்ணீர் லாரி வர ஆரம்பித்தது. அந்தச் சின்னப் பெண்ணின் முழங்கையும் மெல்ல ஆறியது.

கடைசி நேர்முகத் தேர்வுக்காக 1993இல் மூன்று வாரம் மட்டும் அமெரிக்கா போய் வந்தேன். பொட்டலங்களுக்குப் பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. பட்டச் சான்றிதழ் ஜூன் மாதம் பதிவுத் தபாலில் வந்தது. அடுத்த ஞாயிறு அம்மா உறையைக் கொடுத்தார். போதகர் ஐயா அதை எடுத்துப் படித்துவிட்டு, வாசிக்காமல் தலைநிமிர்ந்தார்.

"டீச்சரம்மா, இந்தத் தடவை கையில வந்துடுச்சா?"

சபை சிரித்தது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தலையணை உறையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த சான்றிதழை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி இரண்டு கைகளாலும் உயர்த்திக் காட்டினார். "வந்துடுச்சுங்க ஐயா" என்றார்.

அதற்கடுத்த உறையைப் போதகர் ஐயா எடுத்தார். மெதுவாக வாசித்தார். "டீச்சரம்மா மகள் ஹெப்சி கனடா போகாமல் இருந்ததற்காக, பம்மல் ராஹேல் குடும்பத்தார், ஸ்தோத்திர காணிக்கை."

நான் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் வரிசைக் கடைசியில் அக்கா உட்கார்ந்திருந்தார், மடியில் அந்தச் சின்னப் பெண். எது கிடைக்க வேண்டும் என்று மூன்று மாதம் கர்த்தரிடம் சண்டை போட்டேனோ, அது கிடைக்காமல் போனதற்கு வேறொரு குடும்பம் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய பதிலை நான் இன்றுவரை வாங்கியதில்லை.

இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் வேலையில்தான் இருக்கிறேன், இதே தாம்பரத்தில். பொறுமை இன்னும் முழுதாக வரவில்லை. பால் இன்றைக்கும் பொங்கி வழிகிறது. ஆனால் ஆண்டவருக்குக் கெடு வைப்பதை விட்டுவிட்டேன். இதை வாசிக்கிறவர்களில் யாராவது, போவதா இருப்பதா என்று தெரியாமல் தூக்கமில்லாமல் தவிக்கலாம், பிள்ளையின் படிப்புக்கு வழியில்லாமல் கலங்கலாம். உங்களிடம் எது இருக்கிறது, எது இல்லை என்பதை ஒளிக்காமல் அவரிடம் சொல்லுங்கள். வெட்கப்படாமல் சபையிலும் சொல்லுங்கள். இல்லை என்று சொன்ன வாயைத்தான் அவர் எனக்கு நிரப்பினார், உங்களுக்கும் செய்வார்.